போன் பில்லில் தாமதக் கட்டணம்: எதிர்த்துக் கேட்பதற்கான கேள்வி-பதில்கள்

போன் பில்லில் ‘தாமதக் கட்டணம்’ என்று ஒரு வரி முளைத்திருப்பதைப் பார்த்ததும் பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுகிறார்கள். மீதிப் பேர் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டுச் சத்தம் போடுகிறார்கள். கட்டியவருக்கும் பணம் திரும்புவதில்லை, கத்தியவருக்கும் பெரும்பாலும் திரும்புவதில்லை. இந்தத் தகராறு நியாய அநியாயத்தில் தொடங்குவதில்லை, தேதியில் தொடங்குகிறது. எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று காட்டத் தெரிந்தவர் பக்கம்தான் காற்று வீசும்.

இந்தக் கட்டணத்தை எதை வைத்துப் போடுகிறார்கள்?

ஒப்பந்தத்தை வைத்து. இணைப்பு வாங்கும்போது படிக்காமல் ‘சம்மதம்’ என்று தட்டினோமே, அதில் ஒரு மூலையில் இது இருக்கும். இரண்டு வகை உண்டு: பில் எவ்வளவாக இருந்தாலும் ஒரே தொகை, அல்லது நிலுவையில் இத்தனை சதவீதம். சில நிறுவனங்கள் இரண்டையும் கலந்து ‘இவற்றில் எது அதிகமோ அது’ என்று எழுதி வைத்திருக்கும்.

ஒரே தொகை வகை சின்ன பில்காரரைத்தான் கடிக்கும். 500 பில்லுக்கு 10 நாள் தாமதம், கட்டணம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாளுக்கு 20 சதவீதம். ஆண்டு வட்டியாகக் கணக்குப் போட்டால் 730 சதவீதம். கந்துவட்டிக்காரர்கூட இந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்லத் தயங்குவார்.

ஆகவே முதல் வேலை, உங்கள் திட்டத்தின் விதிமுறையைத் தேடி எடுத்து அந்த ஒரு பத்தியை மட்டும் படிப்பது. எத்தனை நாள் சலுகைக் காலம், எவ்வளவு தொகை, முன்னறிவிப்பு உண்டா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பில்லில் போட்ட தொகை அந்தப் பத்தியோடு ஒத்துப்போகவில்லை என்றால் வேறு வாதமே தேவையில்லை.

கேட்டாலே தள்ளுபடி செய்துவிடுவார்கள் என்கிறார்களே?

பல நேரம் செய்வார்கள். போனை எடுப்பவருக்குச் சிறு தொகையை மேலதிகாரியிடம் கேட்காமலே கழிக்கும் அதிகாரம் இருப்பது வழக்கம். பல மாதமாக ஒழுங்காகக் கட்டிவந்தவர், முதல் முறை தவறியவர் என்றால் அநேகமாக உடனே நடந்துவிடும்.

ஆனால் இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. ‘சலுகையாகக் கழிக்கிறோம்’ என்பது வேறு, ‘தவறாகப் போட்டதைத் திருத்துகிறோம்’ என்பது வேறு. சலுகை என்றால், நீங்கள் தாமதம் செய்ததை ஒப்புக்கொண்டதாகத்தான் கணக்கில் நிற்கும். அடுத்த முறை கேட்டால் “ஏற்கெனவே ஒரு தடவை தள்ளுபடி கொடுத்தாச்சே சார்” என்பார்கள். திருத்தம் என்றால் தாமதமே நடக்கவில்லை என்று பதிவாகும். தவறு அவர்கள் பக்கம் இருக்கும்போது சலுகை கேட்டு வாங்காதீர்கள், திருத்தம் என்றே கேளுங்கள். தவறு உங்கள் பக்கம் என்றால் வீம்பு பிடிக்காமல் சலுகையைக் கேளுங்கள். எதைக் கேட்கப்போகிறோம் என்று முடிவு செய்யாமல் போன் போட்டால் பேச்சு அங்கும் இங்கும் அலைந்து, கடைசியில் “நோட் பண்ணிக்கிறோம்” என்பதோடு முடியும்.

கடைசித் தேதிக்கு முன்பே கட்டிவிட்டேன். பிறகு எப்படி?

அடிக்கடி வரும் தகராறு இது. ஜெயிப்பதற்கும் வாய்ப்பு அதிகம். ஒரு பணம் செலுத்தலுக்கு மூன்று தேதிகள் உண்டு: உங்கள் கணக்கிலிருந்து பணம் போன தேதி, நிறுவனத்தின் வங்கிக்குப் போய்ச் சேர்ந்த தேதி, உங்கள் இணைப்பின் கணக்கில் அவர்கள் வரவு வைத்த தேதி. நிறுவனத்தின் சொந்த ஆப்பில் கட்டினால் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். வங்கியின் பில் கட்டும் வசதி, வேறு ஆப், கடைக் கவுன்டர் என்று இடையில் ஆள் வந்தால் இடைவெளி விழும். நடுவே வார விடுமுறை வந்தால் இன்னும் நீளும்.

விதிமுறையில் எந்தத் தேதியைக் கணக்கில் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ‘பணம் எங்களுக்குக் கிடைத்த நாள்’ என்றால் மூன்றாவது தேதி உங்களைக் கட்டுப்படுத்தாது. அவர்கள் வங்கிக்கு வந்து சேர்ந்த பணத்தை அவர்கள் இரண்டு நாள் கழித்து வரவு வைத்தது அவர்கள் சங்கதி. வங்கி அறிக்கையில் இருக்கும் பரிவர்த்தனை எண்ணைக் கொடுத்து, “இந்த எண்ணுக்குப் பணம் உங்களுக்கு எந்தத் தேதியில் வந்தது என்று எழுதிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு மழுப்பலான பதில் சொல்ல முடியாது.

ஆப் காட்டும் ‘வெற்றி’ என்ற பச்சைத் திரையின் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. அதில் பெரும்பாலும் உங்கள் இணைப்பு எண்ணோ பில் எண்ணோ இருக்காது. வங்கி அறிக்கையின் அந்த வரியையும் சேர்த்து அனுப்புங்கள். இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: ஒரு எண்ணை மாற்றித் தட்டியதால் பணம் வேறு யாருடைய இணைப்புக்காவது போயிருக்கிறதா? அப்படியென்றால் கேட்க வேண்டியது தள்ளுபடி இல்லை, பணத்தை உங்கள் கணக்குக்கு மாற்றித் தருவது. அது நடந்த பிறகே தாமதக் கட்டணப் பேச்சு.

பில்லே வரவில்லையே?

“பில் வராவிட்டாலும் கட்டுவது வாடிக்கையாளர் பொறுப்பு” என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருப்பார்கள். அதனால் “வரவில்லை” என்று மட்டும் சொன்னால் எடுபடாது. ஏன் வரவில்லை என்று காட்ட வேண்டும். காகித பில்லை உங்களைக் கேட்காமல் நிறுத்தி மின்னஞ்சலுக்கு மாற்றினார்களா? நீங்கள் முகவரி மாற்றச் சொல்லி அதற்கான கோரிக்கை எண் வாங்கிய பிறகும் பழைய முகவரிக்கே அனுப்பினார்களா? பில் சுழற்சியையே மாற்றிக் கடைசித் தேதியை முன்னுக்கு இழுத்துவிட்டார்களா? இதில் ஏதாவது ஒன்று நடந்திருந்தால் உங்கள் கை ஓங்கும். “பில் எந்தத் தேதியில், எந்த முகவரிக்கு அனுப்பப்பட்டது” என்று அவர்களிடமே கேளுங்கள். அது அவர்களுடைய கணினியில் இருக்கும் தகவல்தான்.

மின்னஞ்சலின் ஸ்பேம் பெட்டியை அவர்கள் கேட்பதற்கு முன்பே நீங்கள் பார்த்துவிடுவது நல்லது.

ஆட்டோ பே போட்டிருந்தேன். அது வேலை செய்யவில்லை.

யாரால் தவறியது என்பதுதான் கேள்வி. கார்டு காலாவதி, கணக்கில் பணம் இல்லை, வங்கியின் அனுமதி வரம்பைவிட பில் தொகை கூடிவிட்டது என்றால் நிறுவனத்தைக் குறை சொல்ல இடமில்லை. சலுகை கேட்கலாம். பணம் இருந்தது, அனுமதியும் உயிரோடு இருந்தது, அவர்கள் கோரிக்கையே அனுப்பவில்லை என்றால் அது திருத்த வேண்டிய தவறு. எப்படித் தெரிந்துகொள்வது? வங்கியிடம் “அந்த நாளில் இந்த நிறுவனத்திலிருந்து பற்றுக் கோரிக்கை வந்ததா, திருப்பி அனுப்பப்பட்டதா” என்று எழுத்தில் கேளுங்கள். “கோரிக்கை எதுவும் வரவில்லை” என்று வங்கி சொல்லும் ஒரு வரி போதும்.

ஆட்டோ பே தவறினால் வங்கியும் தனியாக ஒரு கட்டணம் போடுவது உண்டு. நிறுவனத்தின் தவறு என்று நிரூபணமானால் அதையும் சேர்த்தே கேளுங்கள்.

பில்லைக் கட்டினேன், சில்லறை குறைந்துவிட்டது. அதற்கும் முழுக் கட்டணமா?

கணினிக்கு ‘பாக்கி பூஜ்யமா, இல்லையா’ என்பது மட்டும்தான் தெரியும். முழுத் தொகைக்குப் பதில் தசமப் புள்ளிக்குப் பின்னால் இருந்ததை விட்டுக் கட்டியவர்களுக்கும் இது விழுகிறது. ஒரு மனிதர் கண்ணில் பட்டால் போதும், அநேகமாக எடுத்துவிடுவார்கள். போன் மெனுவிலோ சாட்போட்டிலோ மல்லுக்கட்டாதீர்கள். ஆளோடு பேசுங்கள்.

பில் தொகையே தவறு. தீரும்வரை கட்டாமல் வைத்திருக்கலாமா?

மொத்தமாக நிறுத்தி வைக்காதீர்கள். உரிமைக்குப் போராடுகிறோம் என்ற நினைப்பில் பலர் செய்வது இதுதான். கடைசியில் தாமதக் கட்டணம் நியாயமாகிவிடுகிறது. தகராறு இல்லாத பகுதியைக் கடைசித் தேதிக்குள் கட்டிவிடுங்கள். தகராறுள்ள தொகை எவ்வளவு, எந்த வரிக்கு என்று எழுதி அனுப்புங்கள், அதுவும் கடைசித் தேதிக்கு முன்பே. “இந்தத் தொகையைத் தகராறில் வைத்து, முடிவாகும்வரை தாமதக் கட்டணமும் வசூல் நடவடிக்கையும் இல்லாமல் நிறுத்தி வையுங்கள்” என்ற வாசகம் அதில் இருக்கட்டும்.

இதைச் சொல்லாமல் தொகையைக் குறைத்துக் கட்டினால் என்ன ஆகும்? விட்ட பகுதி அடுத்த மாதம் ‘முந்தைய பாக்கி’ ஆகும். அதற்கு இன்னொரு தாமதக் கட்டணம் விழும். மூன்றாவது மாதம் அந்தக் கட்டணமே பாக்கியாகி அதற்கும் ஒன்று. தாமதக் கட்டணத்தை எதிர்த்து அதை மட்டும் கழித்துக் கட்டுபவர்கள் மாட்டிக்கொள்வதும் இப்படித்தான். நிறுத்தி வைக்க அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால், தொகை சிறிதாக இருக்கும் பட்சத்தில், ‘ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்’ என்று எழுதிவிட்டுக் கட்டுங்கள். பிறகு திரும்பக் கேளுங்கள். கட்டிவிட்டதால் உரிமை போய்விடாது, தொல்லைதான் குறையும்.

போனில் பேசும்போது எப்படிப் பேசுவது?

பில்லைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இப்படித் தொடங்குங்கள்: “இந்த மாத பில்லில் தாமதக் கட்டணம் வந்திருக்கிறது. கடைசித் தேதி 18. நான் 15ஆம் தேதியே கட்டிவிட்டேன், பரிவர்த்தனை எண் என்னிடம் இருக்கிறது. கட்டணத்தைத் திருத்தித் தர வேண்டும்.” அதோடு நிறுத்துங்கள். எத்தனை வருட வாடிக்கையாளர், போன மாதம் சிக்னல் எப்படி இருந்தது என்ற கதையெல்லாம் இப்போது வேண்டாம். அதைச் சொன்னால் புகார் வேறு பிரிவுக்குத் திரும்பிவிடும்.

எதிர்முனையில் வழக்கமாக வரும் பதில், “சார், சிஸ்டம் ஆட்டோமேட்டிக்கா போட்டுருக்கு, எங்களால எதுவும் பண்ண முடியாது.” அதற்குக் கோபப்படாமல், “சரிங்க, உங்களால் முடியாது என்றால் முடிகிறவரிடம் கொடுங்கள். அதற்கு முன் இதைப் புகாராகப் பதிவு செய்து எண் கொடுங்கள்” என்று சொல்லுங்கள். ‘விசாரணை’ என்று பதிவாவதும் ‘புகார்’ என்று பதிவாவதும் ஒன்றல்ல. கால வரம்பு ஓடத் தொடங்குவது புகாருக்குத்தான். எண் கிடைக்காமல் போனை வைக்காதீர்கள். பேசியவர் பெயர், தேதி, நேரம், என்ன சொன்னார் என்பதை அந்த பில்லின் பின்பக்கமே குறித்து வையுங்கள். “அடுத்த பில்லில் சரியாகிவிடும்” என்றால், “அதை எஸ்எம்எஸ்ஸாகவோ மின்னஞ்சலாகவோ அனுப்புங்கள்” என்று கேளுங்கள்.

எழுத்தில் அனுப்ப ஒரு மாதிரி கிடைக்குமா?

இதை உங்கள் விவரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்:

“பொருள்: தவறாக விதிக்கப்பட்ட தாமதக் கட்டணத்தைத் திருத்தக் கோரும் புகார் (இணைப்பு எண்: ______).

ஐயா/அம்மையீர்,

மேற்குறித்த இணைப்பின் பில்லில் தாமதக் கட்டணம் சேர்க்கப்பட்டுள்ளது. முந்தைய பில்லுக்கான முழுத் தொகையும் கடைசித் தேதிக்கு முன்பே செலுத்தப்பட்டுவிட்டது. வங்கி அறிக்கையின் நகலும் பரிவர்த்தனை எண்ணும் இணைக்கப்பட்டுள்ளன. எனவே இக்கட்டணத்தையும் அதன்மீது விதிக்கப்பட்ட வரியையும் நீக்கி, தாமதப் பதிவையும் கணக்கிலிருந்து அகற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கோரிக்கையை ஏற்க இயலாதெனில், ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி, எந்தத் தேதிகளை வைத்து இக்கட்டணம் விதிக்கப்பட்டது என்பதை எழுத்துமூலம் தெரிவிக்கவும்.”

கடைசி வாக்கியம்தான் முக்கியம். மறுப்பு எழுத்தில் வந்தால் அதுவே மேல்முறையீட்டுக்குச் சாவி. வரியைக் குறிப்பிட்டதற்கும் காரணம் உண்டு: தாமதக் கட்டணத்துக்கும் வரி போடும் நாடுகள் உள்ளன. இந்தியாவில் தாமதமாகக் கட்டியதற்கான கட்டணமும் ஜிஎஸ்டி கணக்கில் சேரும். கட்டணத்தை மட்டும் எடுத்துவிட்டு வரியை விட்டுவைத்தால் அந்தச் சிறு தொகை மறுபடி பாக்கியாகி நிற்கும்.

தொகையே அநியாயம் என்று வாதிடலாமா?

வாதிடலாம், ஆனால் இது கடினமான பாதை. ஒப்பந்தத்தை மீறியவரைத் தண்டிக்கும் நோக்கில் தொகை வைக்கக் கூடாது என்பது ஆங்கிலேயச் சட்ட மரபில் பழைய கொள்கை. 1915இல் டன்லப் டயர் வழக்கில், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, உண்மையான நட்டத்தை முன்கூட்டியே மதிப்பிட்ட தொகைதானா என்று பார்க்கச் சொன்னது. 2015இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அந்த அளவுகோலைத் தளர்த்தியது. நிறுவனத்துக்கு நியாயமான நலன் ஒன்று இருந்து, தொகை அதற்குப் பொருத்தமில்லாத அளவுக்குப் போகாவிட்டால் செல்லும் என்றது. 2016இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் (அந்நாட்டில் அதுதான் உச்சபட்ச நீதிமன்றம்) கிரெடிட் கார்டு தாமதக் கட்டண வழக்கில் வங்கியின் பக்கமே நின்றது.

வேறு திசையிலும் கதவுகள் உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 74இன்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான், கிடைக்கக்கூடியது அதற்குள் நியாயமான ஈடு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1993ஆம் ஆண்டு நியாயமற்ற விதிமுறைகள் குறித்த ஆணை, தவறிய நுகர்வோரிடம் அளவுக்கு மீறிய ஈடு கேட்கும் விதியைச் சந்தேகத்துக்குரியவற்றின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. என் கருத்து: ஒரே ஒரு பில்லுக்காக இந்த வழியில் இறங்காதீர்கள். ‘நான் தாமதம் செய்யவில்லை’ என்று காட்ட முடிந்தால் அதைக் காட்டுங்கள். ‘தொகை அதிகம்’ என்பதைக் கடிதத்தில் இரண்டாவது வாதமாக ஒரு வரியில் வைத்தால் போதும்.

மறுத்துவிட்டார்கள். அடுத்து எங்கே போவது?

முதலில் நிறுவனத்துக்குள்ளேயே மேல் படி. இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிகளின்படி, ஒவ்வொரு நிறுவனமும் புகார் மையமும் மேல்முறையீட்டு அமைப்பும் வைத்திருக்க வேண்டும். மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. டிராய் தனிநபர் புகாரை நேரடியாகத் தீர்ப்பதில்லை என்பதால் அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு. தொலைபேசித் தகராறை நுகர்வோர் ஆணையத்துக்குக் கொண்டுபோக முடியாது என்று 2009 தீர்ப்பு ஒன்றைக் காட்டி நிறுவனங்கள் வாதிட்டுவந்தன. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கொண்டுபோகலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்னும் யாராவது பழைய தீர்ப்பைக் காட்டினால் இதைச் சொல்லுங்கள்.

பிரிட்டனில் ‘இதற்கு மேல் எங்களால் தீர்க்க முடியாது’ என்ற ‘முட்டுக்கட்டை’க் கடிதத்தை நிறுவனத்திடமிருந்து வாங்கினாலோ, குறித்த காலம் கடந்தாலோ, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் அங்கீகரித்த இலவசத் தீர்வு அமைப்புக்குப் போகலாம். ஆஸ்திரேலியாவில் தொலைத்தொடர்பு ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்), கனடாவில் தொலைத்தொடர்புப் புகார்களைத் தீர்க்கும் அமைப்பான சிசிடிஎஸ். அமெரிக்காவில் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசியிடம் கட்டணமில்லாத புகார் கொடுத்தால் அதை நிறுவனத்துக்கு அனுப்பிவைப்பார்கள், நிறுவனம் 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். இலங்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, மலேசியாவில் தகவல்தொடர்பு ஆணையமான எம்சிஎம்சி. எங்கே போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: “நிறுவனத்திடம் புகார் செய்தீர்களா, எண் என்ன?”

தகராறு நடக்கும்போது இணைப்பைத் துண்டித்துவிடுவார்களா?

பாக்கி என்று நின்றால் செய்யலாம். பெரும்பாலும் முதலில் வெளியே போகும் அழைப்புகளை நிறுத்துவார்கள், பிறகு உள்ளே வருபவற்றை. மறுபடி கொடுக்க இன்னொரு கட்டணம் கேட்பதும் உண்டு. வங்கி ஓடிபியெல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும் என்றால் ஆட்சேபத்துடன் கட்டிவிடுவதே புத்திசாலித்தனம். கோபத்தில் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கெடு கடந்த பில் பாக்கி இருந்தால் மாற்றக் கோரிக்கையை மறுக்க இந்திய விதிகள் இடம் தருகின்றன.

இணைப்பை எப்போதோ மூடிவிட்டேன். இப்போது வசூல் ஏஜென்ட் கூப்பிடுகிறார்.

பழைய கதைதான். மூடியபின் ஒரு கடைசி பில் உருவாகும். அதற்கான எஸ்எம்எஸ் மூடிய அந்த எண்ணுக்கே போகும், யார் பார்ப்பது? மாதங்கள் கழித்துத் தாமதக் கட்டணங்களோடு வசூல்காரர் கைக்கு வந்து சேரும். போனில் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள், “கொஞ்சமாவது இப்போது கட்டுங்கள்” என்பதற்கும் இணங்காதீர்கள். சில நாடுகளில் அப்படிக் கட்டுவது காலாவதியான கடனை உயிர்ப்பித்துவிடும். கடைசி பில்லின் நகல், மூடிய தேதி, தொகை எப்படி வந்தது என்ற கணக்கு, இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மூடும்போது வாங்கிய ஒப்புகை எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இணைப்புக்கு வைப்புத்தொகை கட்டியிருந்தீர்களா? அதைக் கழித்தார்களா என்று பாருங்கள்.

அசல் தொகை நியாயம் என்று தெரிந்தால், அதைக் கட்டத் தயார், தாமதக் கட்டணம் மட்டும் வேண்டாம் என்று நிறுவனத்துக்கே நேரடியாக எழுதுங்கள். ஒப்புக்கொண்டால் ‘பாக்கி இல்லை’ என்ற சான்றையும், கிரெடிட் ஸ்கோர் நிறுவனத்துக்குத் தகவல் போயிருந்தால் அதைத் திருத்துவதாக ஓர் உறுதியையும் வாங்கிக்கொண்டு பிறகு பணம் கட்டுங்கள். கட்டிய பிறகு கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

வீட்டில் இறந்தவர் பெயரில் இருந்த இணைப்புக்கும் இப்படி பில் தொடரும். இறப்புச் சான்றிதழோடு எழுதி, இறந்த தேதிக்குப் பிறகு சேர்ந்த வாடகையையும் கட்டணங்களையும் நீக்கக் கேட்கலாம். பெரும்பாலும் தகராறில்லாமல் செய்துவிடுவார்கள்.

தாமதம் என்னுடையதுதான். கேட்க வெட்கமாக இருக்கிறது.

வெட்கம் எதற்கு? முதலில் பில்லை முழுதாகக் கட்டிவிட்டு, அதே நாளில் கூப்பிடுங்கள். பாக்கி பூஜ்யமாக இருக்கும்போது கேட்டால்தான் காதில் விழும். மருத்துவமனை, வேலை இழப்பு போன்ற காரணம் இருந்தால் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். சம்பளத் தேதியும் பில் தேதியும் ஒவ்வொரு மாதமும் மோதினால் பில் சுழற்சியை மாற்றித்தரச் சொல்லுங்கள். பல நிறுவனங்களில் இந்த வசதி உண்டு, கேட்காமல் யாரும் சொல்வதில்லை.

கழித்துவிட்டோம் என்றார்கள். முடிந்ததா?

அடுத்த பில் வரட்டும். வரவு எந்த வரியில் வந்திருக்கிறது, வரியும் சேர்ந்து வந்திருக்கிறதா, முந்தைய பாக்கி பூஜ்யமா என்று பாருங்கள். வரவு வராமலே ‘முந்தைய பாக்கி’யில் அந்தத் தொகை நின்றால் புதுப் புகார் போடாதீர்கள். பழைய புகார் எண்ணையே மீண்டும் திறக்கச் சொல்லுங்கள். புதிது போட்டால் நாள் கணக்கு முதலிலிருந்து ஓடும்.